மாடியில் இரண்டு வாளித் தண்ணீர்

அத்தியாயம் 9

தலைக்கு மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பெரியவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் காது கொடுத்தார். காலி வாளியின் அடியில் குழாய்த் தண்ணீர் மோதும் சத்தம். வாளி நிரம்ப நிரம்ப அது அடங்கிக்கொண்டே வந்தது. முப்பத்திரண்டு வருஷம் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவரின் காது ஏமாறாது.

“மேலே யாரும் இல்லையே!” என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் சிரித்தார். “அதை வாய்விட்டுச் சொல்லாதீங்க சார். மாடியில உங்க தம்பி குடியிருக்கார். அதுக்குத்தானே இந்தக் காகிதத்துல உங்க கையெழுத்துக் கேக்கறேன்?”

பெரியவரின் தம்பியால் ஊர் மூன்று வாரமாக இரண்டுபட்டுக் கிடந்தது. வீட்டில் அவன் சின்னவன். வெளியில் லிஃப்ட்காரர். ஐந்து நாடுகளில் அவன் கம்பெனியின் லிஃப்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சம்பாதித்தது போதும் என்று தோன்றியதோ என்னவோ, இந்த வருஷம் நகரத் தலைவர் தேர்தலுக்கு மனுப் போட்டுவிட்டான்.

நிற்கிறவர் மூன்று வருஷமாவது இந்த ஊரில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ‘இருந்தேன், நான் வளர்ந்த வீட்டின் மாடியறையில்’ என்று சின்னவன் எழுதிக் கொடுத்தான்.

எதிராளிகள் விடுவார்களா? அதே மூன்று வருஷத்துக்கு அவன் வரி அலுவலகத்தில் கொடுத்திருந்த காகிதத்தைத் தோண்டி எடுத்தார்கள். அதில், தான் குடியிருப்பது கடல் தாண்டி ஒரு தீவில் என்றும், அதனால் இங்கே வரி கட்ட வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தான்.

இங்கே இருந்தது உண்மையென்றால் வரியில் பொய். தீவில் இருந்தது உண்மையென்றால் மனு செல்லாது. இன்று மூன்று மணிக்குத் தேர்தல் அதிகாரி முன்னால் விசாரணை. வீட்டுக்குப் பெரியவர் என்ற முறையில் அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

“வரி விஷயத்தை அப்புறம் பேசித் தீர்த்துக்கலாம் சார். முதல்ல மனு நிக்கணும்,” என்றார் வக்கீல். “இதோ, மாடிக்குத் தனி மீட்டர். முப்பத்தாறு மாசத்துத் தண்ணி பில். வாரியத்துலயே நகல் வாங்கிட்டேன். ஆள் இல்லாத வீட்டுல தண்ணி செலவாகுமா?”

பெரியவர் அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாடி பில்லை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தன் வீட்டு மீட்டரைத் தானே பார்க்கக்கூடாது என்பது வாரியத்தின் விதி. வேலையில் இருந்தவரை எல்லோரும் கடைப்பிடித்தார்கள். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் கடைப்பிடித்தவர் இவர் ஒருவர்தான். வாசல் சுவரில் இரண்டு மீட்டர்கள் இரும்பு மூடிக்கடியில் இருந்தன. தினம் அவற்றைத் தாண்டித்தான் நடப்பார். மூடியைத் தூக்கிப் பார்த்ததில்லை. பில் வாங்குவது, கட்டுவது எல்லாம் அக்காவின் பொறுப்பு.

ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு யூனிட். அடுத்த மாதமும் இரண்டு. அதற்கடுத்ததும்.

“இது ஆள் குடியிருக்கிற வீடு இல்ல,” என்றார்.

“என்ன சார்?”

“மனுஷன் புழங்கற வீட்டு மீட்டர் இப்படி ஓடாது. காய்ச்சல் வந்தா குறையும். விருந்தாளி வந்தா ஏறும். வெயில் காலத்துல ஒண்ணு, மழைக்காலத்துல ஒண்ணு. முப்பத்தாறு மாசமும் ஒரே மாதிரின்னா ஒண்ணு ஒழுக்கு, இல்லேன்னா யாரோ அளந்து ஊத்தறாங்க.”

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். “இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அதிகாரிக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாங்க. மூணு மணிக்குப் பார்ப்போம்.”

அவர் போன பிறகும் மேலே சத்தம் நிற்கவில்லை. இரண்டாவது வாளி.

இந்த நேரத்தில் பெரியவர் நடைப்பயிற்சியில் இருப்பார். ஆறரைக்குப் போனால் ஏழரைக்குத்தான் திரும்புவார். இன்று வக்கீல் விடிந்ததும் விடியாததுமாக வந்ததால் போகவில்லை. போயிருந்தால் இன்றும் கேட்டிருக்காது.

எழுந்து மாடிப்படிக்கு வந்தார். பதினான்கு படி. முழங்கால் வலி வந்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, அவர் ஒரு படிகூட ஏறியதில்லை. ‘லிஃப்ட் போட்டுத் தரேன் அண்ணா, நாலே நாள் வேலை’ என்று சின்னவன் சொன்னபோது, ‘பதினாலு படிக்கு லிஃப்டா? ஊர் சிரிக்கும்’ என்று மறுத்துவிட்டார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூன்றாவது படியில் ஒரு மூலை உடைந்திருந்தது. சைக்கிளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் துடைப்பேன் என்று சின்னவன் அடம்பிடித்து, கைதவறி உருட்டிவிட்ட நாளில் உடைந்தது அது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிக்கும் பெரியவரின் கால் கட்டைவிரலுக்கும்தான் சேதம். ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் உட்காரும் படி அது. நாள் முழுக்க யார் யார் குரலையோ கேட்ட காதுக்குக் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் வேண்டும் என்பாள். சின்னவன் மட்டும் பக்கத்தில் உட்காரலாம், பேசக்கூடாது.

அறைக்கதவு திறந்திருந்தது. கட்டிலில் விரித்த போர்வையில் மடிப்புக் கலையவில்லை. ஜன்னலோரம் பழைய ரேடியோ. ஆணியில் சைக்கிள் பம்பு. தரை ஈரமாகப் பளபளத்தது. குளியலறைக்குள், எழுபத்து நாலு வயது அக்கா வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன பண்றே அக்கா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “நீ எப்படிடா மேல வந்தே?”

“கால்லதான். நீ சொல்லு, என்ன பண்றே?”

“பார்த்தா தெரியலையா? தண்ணி பிடிக்கறேன்.”

“யாருக்கு?”

அக்கா குழாயை மூடினாள். புடைத்த நரம்போடிருந்த கை கொஞ்ச நேரம் குழாய்மேலேயே இருந்தது.

“நீதானே சொன்னே? ஆள் புழங்காத வீட்டுல குழாய் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சுச் செத்துப்போகும்னு. ஒருநாள் அவன் வந்து நிப்பான். குழாயைத் திறப்பான். சிவப்பா, துருவா வரும். ‘என்னக்கா இது’ம்பான். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“வாரத்துக்கு ஒருதரம் ஒரு நிமிஷம் திறந்தா போதும்னுதான் சொன்னேன். தினம் ரெண்டு வாளின்னு சொல்லலை.”

“அவன் ரெண்டு வாளிதானே குளிப்பான்!”

பெரியவருக்கு அந்த இரண்டு வாளி நன்றாக நினைவிருந்தது.

அம்மா போனபோது சின்னவனுக்குப் பத்து வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அக்காவுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். முதலில் அவள் குளிப்பாள், அடுத்தது பெரியவர், கடைசியில் சின்னவன். பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பான். விட்டால் தொட்டியைக் காலி செய்துவிடுவான். அதனால் அக்கா இரண்டு வாளி நிரப்பி வைத்துவிட்டு மூன்றாவது வாளியைத் தன்னோடு சமையலறைக்கு எடுத்துப் போய்விடுவாள். ‘இன்னும் ஒரே ஒரு வாளி, அக்கா’ என்று உள்ளேயிருந்து அவன் கெஞ்சுவது தெருவுக்கே கேட்கும். பின்னால் அக்காவின் சேமிப்பில்தான் இந்த மாடியறை எழும்பியது. சின்னவன் வெளியூர் போனதும் வாடகைக்கு விடலாம் என்று தனி மீட்டர் வைத்தார்கள். வாடகைக்கு விட அக்காவுக்கு மனசு வரவில்லை.

“எத்தனை நாளா இது?”

“அவன் கடைசியா வந்து தங்கிட்டுப் போனான் பார், அதுலேருந்து. பதினோரு வருஷம் ஆச்சு. தரையைத் துடைப்பேன், மிச்சத்தைக் கொட்டிடுவேன். என் பென்ஷன்ல கட்டறேன். உனக்கென்ன நஷ்டம்?”

பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வக்கீல் கொண்டுவந்த பில் விவகாரத்தைச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே ஈரக் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“அப்ப நான் பண்ணினது அவனுக்கு நல்லதா, கெட்டதா?”

“தெரியலை.”

“ஊர் சிரிக்குமாடா?”

“ஊருக்கு ஏன் தெரியணும்?” என்றார் பெரியவர். இறங்கும்போது படிகள் இன்னும் அதிகமாகத் தோன்றின.

பத்து மணிக்குச் சவரக்கடைக்குப் போனார். அதிகாரி முன்னால் நிற்கப்போகிற முகம் சுத்தமாக இருக்க வேண்டும். தெருமுனை திரும்பும்போதே கடைக்குள் சத்தம் காதைப் பிய்த்தது.

“வரி எங்கேன்னு கேட்டா தீவுல இருக்கேங்கறார். ஓட்டு எதுக்குன்னு கேட்டா இங்கேயே இருக்கேங்கறார். ரெண்டு ஊர்ல ஒரே நேரத்துல தூங்க அவர் என்ன மந்திரவாதியா?”

“பணக்காரன்னா நாலு வீடு இருக்கத்தான்யா செய்யும். ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் இனாமாப் போட்டுக் குடுத்தாரே, அப்ப கேட்டியா எங்கே தூங்கறீங்கன்னு?”

“அது கிடக்கட்டும். மாடியில மாசாமாசம் தண்ணி செலவாகுதாமே, ஆளே இல்லாம? பேய் குளிக்குதுபோல!”

“நல்ல சுத்தமான பேய்யா!”

கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பெரியவர் வாசலில் நின்றார். சிரிப்பு, குழாயை மூடியது மாதிரி நின்றுபோனது.

“வாங்க சார், வாங்க,” என்று சவரக்காரர் நாற்காலியைத் தட்டித் துடைத்தார். பேயைப் பற்றிச் சொன்ன ஆள் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார்.

பெரியவர் கண்ணாடியைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. தன் மாமனார் வீட்டு மீட்டரில், முள் ஓடாமலிருக்கக் காந்தம் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, அவருக்கே அபராதம் எழுதினவர். மனைவி இரண்டு மாதம் பேசவில்லை. அவள் காலமாகி ஆறு வருஷமாகிறது. அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க இப்போது வீட்டில் அக்கா மட்டும்தான் இருக்கிறாள்.

இன்று இவர்கள் பேய் என்று சிரிக்கிறார்கள். நாளைக்கு உண்மை தெரிந்தால்? வராத தம்பிக்குப் பதினோரு வருஷமாகக் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைக்கும் அக்கா. பேப்பரில் படத்தோடு வரும். கடைக்குக் கடை சிரிப்பார்கள்.

சோப்பு நுரை காய்வதற்குள் பெரியவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

மத்தியானம் சின்னவன் வந்தான். கூட்டத்தையும் மைக்குகளையும் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து வந்தான். அறுபத்தொரு வயது. காதோரம் நரைத்திருந்தது. வாசலில் இருந்த அப்பாவின் பெயர்ப்பலகையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே நுழைந்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்குள்ள பழக்கம்.

“மெலிஞ்சுட்டேடா,” என்றாள் அக்கா.

“பத்துக் கிலோ கூடியிருக்கேன் அக்கா.”

“பத்துக் கிலோ கூடியும் மெலிவாத்தான் இருக்கே. உக்காரு.”

இருவருக்கும் தட்டை வைத்துவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். சின்னவன் நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப்போட்டான்.

“அண்ணா, ரொம்ப நன்றி.”

“எதுக்கு?”

“வாயால சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். மூணு வருஷம் முன்னாடி, தேர்தல்ல நிக்கலாம்னு இருக்கேன்னு உங்ககிட்டதான் முதல்ல போன்ல சொன்னேன். நீங்க ‘ம்’னு மட்டும் சொன்னீங்க. நேத்து வக்கீல் பில்லைக் காட்டினதும்தான் அந்த ‘ம்’முக்கு அர்த்தம் புரிஞ்சுது. மாடியில தண்ணியை ஓடவிட்டு எனக்காக மீட்டரை… வேற யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது அண்ணா.”

பெரியவரின் கை தட்டின் விளிம்பில் நின்றது.

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய் இலக்கம் எழுதாத கை. அது மீட்டரை ஏமாற்றும் என்று இவன் நம்பியிருக்கிறான். நம்பினதுமில்லாமல் நன்றியும் சொல்கிறான். ‘எழுந்திரு, வெளியே போ’ என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“தீவுல இருந்தியா, இல்லியா? அதைச் சொல்லு,” என்றார்.

சின்னவன் தட்டைப் பார்த்தான். “வருஷத்துல பாதி நாள் விமானத்துல இருந்தேன் அண்ணா. மீதி நாள் எங்கே இருந்தேன்னு எனக்கே சொல்லத் தெரியலை. கணக்குப் பார்க்கறவங்க தீவுன்னு எழுதினாங்க. வக்கீல் இந்த வீடுன்னு எழுதினார். நான் ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டேன்.”

“படிக்காமலா?”

“படிச்சேன்.”

பெரியவர் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடு,” என்றார். “ஆறிப்போகுது.”

மூன்று மணிக்கு நகராட்சி மண்டபத்தில் உட்கார இடமில்லை. தேர்தல் அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

“உக்காந்தே சொல்லலாம் சார்.”

“நின்னே சொல்றேன்.”

“இந்த உறுதிமொழியில நீங்க கையெழுத்துப் போடலையே?”

“போட மாட்டேன். என் தம்பி என் வீட்டு மாடியில குடியிருக்கலை.”

மண்டபம் ஒரு தரம் பொங்கி அடங்கியது. வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். முன்வரிசையில் சின்னவன் அசையவில்லை.

எதிர்த் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். “அப்போ மாடியில ஓடின தண்ணி? யார் ஓடவிட்டது?”

இந்தக் கேள்விக்குத்தான் பெரியவர் காலையிலிருந்து தயாராகிக்கொண்டிருந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“நான்.”

“நீங்களா? மீட்டர் இன்ஸ்பெக்டரா இருந்த நீங்களா?”

“ஆமா. குழாய் துருப்பிடிக்கக் கூடாதுன்னு.”

“தினமும் நீங்களே மாடி ஏறி?”

“ஆமா.”

“உங்க தம்பிக்கு ஆதாரம் தேடித்தானே? வாரியத்துல வேலை பார்த்தவர், மீட்டரை வச்சே விளையாடியிருக்கீங்க. எழுதிக்கலாமா?”

“எழுதிக்குங்க,” என்றார் பெரியவர். அவர் குரல் அவருக்கே வேறு யாரோ பேசுவது போல் கேட்டது.

“பொய்!”

பின்வரிசையிலிருந்து வந்த குரல். எக்ஸ்சேஞ்சில் கட்டிக்கொண்டிருந்த பழைய கைக்கடிகாரத்தோடு அக்கா எழுந்து நின்றாள். வரவேண்டாம் என்று பெரியவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“இவன் சொல்றது பொய் அம்மா. நாலு வருஷமா இவன் மாடிப்படியில காலே வச்சதில்லை. முட்டி வலி. டாக்டர் சீட்டுக்கூட இருக்கு.” கைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். “பொய் சொல்லத் தெரியாதவன் எதுக்குச் சொல்லணும்? நான்தான் ஓடவிட்டேன்.”

“நீங்க…?”

“ரெண்டு பேருக்கும் அக்கா.”

“எதுக்கம்மா ஓடவிட்டீங்க?”

“சின்னவன் காலையில ரெண்டு வாளி குளிப்பான். என்னிக்காவது வந்தா தயாரா இருக்கட்டுமேன்னு. பதினோரு வருஷமா பிடிச்சு வைக்கிறேன். பழைய பில்லையும் எடுத்துப் பாருங்க. தேர்தலுக்காக இல்லை. எனக்குத் தேர்தல் என்னன்னே தெரியாது.”

எங்கோ ஒரு ஆள் களுக்கென்று சிரித்தான். “வாயை மூடுய்யா!” என்று சவரக்காரரின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பேனாவை ஓங்கிக்கொண்டிருந்த எதிர்த் தரப்பு வக்கீல் அதை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷத்தாலா என்பது பெரியவருக்குத் தெரியவில்லை.

“வேட்பாளர் ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?”

சின்னவன் பின்பக்கம் திரும்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவனுடைய வக்கீல் அவசரமாக எழுந்து ஒரு நாள் அவகாசம் கேட்டார். நாளை காலை பதினோரு மணி என்று அதிகாரி எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் சின்னவன் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான்.

அக்காவும் பெரியவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா, “கோபமா?” என்றாள்.

“இத்தனை வருஷத்துல ஒரே ஒரு பொய். அதையும் உருப்படியாச் சொல்ல விடலை நீ.”

“சொல்லத் தெரிஞ்சா சொல்லணும். உன் காது ரெண்டும் சிவந்துபோச்சு. பத்து வயசுல சர்க்கரை டப்பாவைக் கவுத்துட்டுப் பூனைன்னு சொன்னியே, அப்பவும் இப்படித்தான்.”

பெரியவர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். பிறகு இருவருக்கும் சின்னவன் நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

ஆறு மணிக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, சக்கரங்கள் உருளும் சத்தம் தெருவில் கேட்டது. சின்னவன் நடந்து வந்தான். காரில்லை, கூட்டமில்லை. பின்னால் ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். வாசலில் பெயர்ப்பலகையைத் துடைத்தான். உள்ளே வந்து அக்காவுக்கு முன்னால் நின்றான்.

“மேல தண்ணி வருமா அக்கா?”

அக்கா வேகமாகத் தலையை ஆட்டினாள்.

“குளிச்சுட்டு வரேன்.”

பெட்டியைக் கூடத்திலேயே விட்டுவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறினான். அறுபத்தொரு வயது என்று சொல்ல முடியாது. அக்கா துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் காலி வாளியில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. கூடவே பாட்டு. சுருதி அன்றைக்கும் சேராது, இன்றைக்கும் சேரவில்லை.

பெரியவர் வாசலுக்கு வந்தார். இரும்பு மூடிக்கு முன்னால் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வீடு கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, தன் வீட்டு மீட்டரின் மூடியைத் தூக்கினார். மாடி மீட்டரின் கண்ணாடிக்குக் கீழே சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது. வாரியத்துக் குறிப்பேட்டில் இலக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கும். ‘ஆள் உண்டு’ அல்லது ‘பூட்டு’. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அதை நிரப்பியிருக்கிறார். இந்த வீட்டு மாடிக்கு இன்று என்ன எழுதுவது? ‘ஆள் உண்டு’ என்று எழுத உள்ளங்கை குறுகுறுத்தது. ஒரு குளியலை வைத்து அப்படி எழுதக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். நாளைக் காலை பதினோரு மணிக்கு இவன் என்ன சொல்கிறான் பார்ப்போம்.

மூடியைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். பெட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றது. இவ்வளவு பெரிய பெட்டி என்றால் மாசக்கணக்கில் தங்குகிற யோசனையோடுதான் வந்திருக்கிறான். நினைக்கவே நெஞ்சு நிறைந்தது. ஓரமாக நகர்த்தி வைக்கலாம் என்று, முழங்காலுக்குப் பயந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

பெட்டி காகிதம் போல மேலே வந்தது. அசைத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

தங்க வருகிறவன் காலிப் பெட்டியோடு வரமாட்டான். மாடியில் மிச்சமிருக்கிற தன் சாமானை எடுத்துப்போக வருகிறவன்தான் அப்படி வருவான்.

பெரியவர் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மேலே பாட்டு நின்றது. “இன்னும் ஒரே ஒரு வாளி, அக்கா!” என்றது சின்னவனின் குரல்.

பதினோரு வருஷமாக இரண்டு வாளிக்கு மேல் பிடிக்காத அக்கா, “எவ்வளவு வேணும்னாலும் குளிடா!” என்றாள்.